இரத்தம் உறைதலும் நொதிகளும்

(இரண்டாம் ஆண்டு இளமறிவியல், விலங்கியல்)

வளர்ந்த மனிதன் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. குழாய்களுக்குள் ஓடும் வரையில் அது நீர்மம். அரிவாள் பட்டு விரலில் வழிந்தால், சில நிமிடங்களில் கூழாகிப் பின் கட்டியாகி நின்றுவிடுகிறது. உள்ளே உறையாமல் ஓடுவதும் வெளியே வந்து உறைவதும் ஒரே இரத்தந்தான். உள்ளே உறைந்துவிட்டால் மாரடைப்பு. வெளியே உறையாமற் போனால் இரத்தம் வடிந்தே சாவு. இந்த இரண்டுக்கும் நடுவில் நம்மை நிறுத்தி வைத்திருப்பவை சில நொதிகள். அவற்றைப் பற்றி நான் வகுப்பில் கற்றதையும், நூலகத்தில் தேடிப் படித்ததையும், ஓர் இரவு ஒரு மருத்துவமனையில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இப்பாடத்தை முடித்துவிட்ட மூன்றாம் ஆண்டு நண்பர்கள் முதல் இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

நொதி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது செரிமானம். கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் நாம் உண்ட பருப்பிலுள்ள புரதத்தை வெட்டுகிறது. இரத்தத்தை உறைய வைக்கும் நொதிகளில் பெரும்பாலானவை டிரிப்சினுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் போன்றவை. இவையும் புரதத்தை வெட்டுபவைதாம். வெட்டும் இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலம் இருப்பதும் பொதுவான அடையாளம். ஆனால் டிரிப்சின் கண்ட இடத்தில் எல்லாம் வெட்டும். இவையோ ஒரு குறிப்பிட்ட புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே வெட்டும். எடுத்துக்காட்டாக, திராம்பின் என்னும் நொதி, பைப்ரினோஜன் என்னும் கரையும் புரதத்திலிருந்து சிறு துண்டுகளை வெட்டி எடுக்கிறது. மீதமுள்ளது பைப்ரின். பைப்ரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழைகளாகி, வலையாகி, இரத்த அணுக்களைப் பிடித்து வைக்கின்றன. நாம் கட்டி என்று காண்பது இந்த வலையைத்தான். இதற்கு முன்பே தட்டணுக்கள் காயத்தின் வாயில் கூடி முதல் அடைப்பைப் போட்டிருக்கும். ஆனால் பைப்ரின் வலை இல்லாமல் அந்த அடைப்பு நிலைக்காது.

திராம்பின் எங்கிருந்து வந்தது? இரத்தத்தில் திராம்பின் ஓடிக்கொண்டிருந்தால் நாம் பிழைத்திருக்க முடியாது. ஓடுவது புரோத்திராம்பின் என்னும் உறங்கும் வடிவம். 1905-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பால் மோராவிட்ஸ் நான்கே பொருள்களைக் கொண்டு உறைதலை விளக்கினார்: புரோத்திராம்பின், பைப்ரினோஜன், கால்சியம், காயமுற்ற திசுவிலிருந்து வரும் ஒரு பொருள். இன்று இவை காரணிகள் என்ற பெயரில் 1 முதல் 13 வரை எண்ணிடப்பட்டுள்ளன. இவற்றில் 6-ஆம் காரணி கிடையாது. அப்படி ஒன்று தனியாக இருப்பதாக எண்ணிப் பெயரிட்டார்கள். பிறகு அது 5-ஆம் காரணியின் தூண்டப்பட்ட வடிவமே என்று தெரிந்ததும் நீக்கிவிட்டார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்வோருக்கு அந்த வகையில் ஒன்று குறைந்தது. 2, 7, 9, 10, 11, 12 ஆகியவை டிரிப்சின் குடும்பத்து நொதிகள். 13-ஆவது, இழைகளைக் குறுக்கே தைத்து உறுதியாக்கும் வேறு வகை நொதி. 5-உம் 8-உம் நொதிகளே அல்ல. நொதிகளுக்குத் துணை நிற்பவை. அந்தத் துணை எவ்வளவு பெரியது என்பதை ஓர் எண் காட்டும். 10-ஆம் காரணி தனியாகப் புரோத்திராம்பினை வெட்டும் வேகத்தைவிட, 5-ஆம் காரணி, கால்சியம், தட்டணுவின் கொழுப்புச் சவ்வு ஆகியவற்றோடு சேர்ந்து வெட்டும் வேகம் ஏறத்தாழ 3 இலட்சம் மடங்கு அதிகம்.

இத்தனை காரணிகள் எதற்கு? காயம் பட்டதும் ஒரே நொதி வந்து பைப்ரினோஜனை வெட்டிவிட்டுப் போகக் கூடாதா? இந்தக் கேள்விக்கு 1964-ஆம் ஆண்டில்தான் தெளிவான விடை கிடைத்தது. இங்கிலாந்தில் மாக்பர்லேன் என்பவரும், அமெரிக்காவில் டேவி, ராட்னாப் என்ற இருவரும், ஒருவரையொருவர் எதிர்பாராமல், ஒரே ஆண்டில் ஒரே கருத்தை வெளியிட்டனர். ஒரு காரணி விழித்து அடுத்ததை வெட்டி எழுப்புகிறது. அது அதற்கடுத்ததை எழுப்புகிறது. அமெரிக்கர்கள் இதற்கு அருவி என்று பெயரிட்டார்கள். மாக்பர்லேன் இதை ஒலிபெருக்கியைப் போன்ற ஒரு பெருக்கி என்றார். எனக்கு மாக்பர்லேன் சொன்னதே பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் அருவியில் மேலிருந்து விழும் நீர் எவ்வளவோ அவ்வளவே கீழே வரும். இங்கே அப்படியில்லை. ஒரு நொதி மூலக்கூறு அடுத்த படியில் பல மூலக்கூறுகளை எழுப்பும். எங்கள் வீட்டு அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தீக்குச்சி நேரே வேலமர விறகைப் பற்ற வைக்காது. குச்சி சருகைப் பற்ற வைக்கும்; சருகு சுள்ளியை; சுள்ளி விறகை. ஒரு சிறு பொறி சில நிமிடங்களில் அடுப்பு நிறைந்த நெருப்பாகிறது. அதே சமயம், ஒவ்வொரு படியிலும் ஊதி அணைக்கவும் வழி இருக்கிறது. இந்த இரண்டாவது வசதியைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மேலே சொன்ன ராட்னாப், மாக்பர்லேன் இருவரும் 1964-க்கு முன்பே தனித்தனியாக இரண்டு விந்தையான பொருள்களைக் கையாண்டவர்கள். ஒருவர் கையில் கண்ணாடிக் குழாய். மற்றவர் கையில் பாம்பின் நஞ்சு. இவ்விரண்டும் நம் ஊர் மருத்துவமனையில் ஒன்று சேர்வதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கண்ணாடிக் குழாய். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் ஜான் ஹேக்மன் என்ற இரயில்வே ஊழியருக்கு அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த அவருடைய இரத்தம் வெகுநேரம் உறையவே இல்லை. ஆனால் அந்த மனிதருக்கோ வாழ்நாளில் இரத்தக் கசிவுத் தொல்லை இருந்ததில்லை! ராட்னாப் ஆராய்ந்து, 1955-இல் புதிய காரணி ஒன்றை அறிவித்தார். அதுதான் இன்றைய 12-ஆம் காரணி. ஹேக்மன் காரணி என்றும் பெயர். கண்ணாடியின் பரப்பு எதிர்மின் தன்மை உடையது. அந்தப் பரப்பில் பட்டதும் 12-ஆம் காரணி விழித்து, 11-ஐ எழுப்பி, 9, 10 என்று இறங்கித் திராம்பின் வரை செல்கிறது. ஹேக்மன் உடலில் 12 இல்லை; ஆகவே குழாயில் இரத்தம் உறையவில்லை. உடலில் காயம் பட்டால் வேலை தொடங்குவது வேறு வழி. இரத்தக் குழாய்க்கு வெளியிலுள்ள திசுக் காரணி 7-ஆம் காரணியோடு சேர்ந்து 9-ஐயும் 10-ஐயும் எழுப்புகிறது. அந்த வழி அவருக்குச் சரியாகவே இருந்தது. 1968-இல் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி அடைத்து இறந்தார். இரத்தம் உறையாத மனிதர் என்று நூல்களில் இடம் பெற்றவர், இரத்தம் உறைந்தே இறந்தார். இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் நூலகம் மூடும் வரை அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அடுத்தது நஞ்சு. கண்ணாடி விரியனை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. தடித்த உடலில் சங்கிலிபோல் பழுப்பு வட்டங்கள். சீறினால் குக்கர் சத்தம் போலக் கேட்கும். இந்தியா வந்து கிழக்குக் கடற்கரைப் பாம்புகளை ஆராய்ந்து, 1796-இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவரின் பெயரே இதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. லண்டனில் இளம் மருத்துவராக இருந்த மாக்பர்லேன், அங்குள்ள விலங்குக் காட்சிசாலையில் பாம்புகளைக் கவனித்துவந்த பார்னெட்டுடன் சேர்ந்து பல பாம்புகளின் நஞ்சைச் சோதித்தார். ஹீமோபிலியா நோயாளிகளின் உறையாத இரத்தத்தையும் உடனே உறையச் செய்வதில் கண்ணாடி விரியன் நஞ்சே முதலிடம் பெற்றது. 1934-இல் இதை அறிவித்தார்கள். ஹீமோபிலியா உள்ளவருக்குப் பல் பிடுங்கினால் அக்காலத்தில் உயிருக்கே ஆபத்து. இந்த நஞ்சை மிகவும் நீர்க்கச் செய்து, பஞ்சில் நனைத்துப் பல் பிடுங்கிய குழியில் வைத்தால் இரத்தம் நின்றது. 'ஸ்டிப்வென்' என்ற பெயரில் அது மருந்தாகவும் விற்கப்பட்டது.

காரணம் பிறகு தெரிந்தது. அந்த நஞ்சில் 10-ஆம் காரணியை நேராக வெட்டி எழுப்பும் நொதி ஒன்றும், 5-ஆம் காரணியை எழுப்பும் நொதி ஒன்றும் இருக்கின்றன. ஹீமோபிலியாவில் இல்லாதது 8-ஆம் காரணி. மற்றொரு வகையில் 9-ஆம் காரணி. பாம்பின் நொதிக்கு இவை இரண்டுமே தேவையில்லை. சருகும் இல்லை, சுள்ளியும் இல்லை. விறகிலேயே நெருப்பை வைக்கிறது.

இனி நான் கண்டதைச் சொல்ல வேண்டும். 2024 தை மாதம். சம்பா அறுப்பு முடிந்த வயலின் வரப்பில் என் சித்தப்பா மாலையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். வலது காலில் கடி. அடித்துப் பார்த்தவர்கள் கண்ணாடி விரியன் என்றார்கள். தெருவில் ஒரு பெரியவர் பக்கத்து ஊரில் பார்வை பார்ப்பவரிடம் கொண்டுபோகச் சொன்னார். சித்தி யார் பேச்சையும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து, 14 கிலோமீட்டரில் இருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். என் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகவே சீட்டு எழுதுவதும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதும் என் தலையில் விழுந்தன.

டாக்டரம்மா வந்து காலைப் பார்த்தார். பல் பட்ட இடத்திலிருந்து இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. நர்ஸ் ஊசியால் கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசை மேல் நிறுத்தி வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் நேரம் குறித்தார். பிறகு யாரும் அந்தக் குழாயைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. சித்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்ப்பா, ரத்தத்த எடுத்து சும்மா வெச்சிட்டுப் போயிட்டாங்களே. ஊசி போடலையே. நீ படிச்ச புள்ளைதானே, போய்க் கேளேன்."

நான் போய்க் கேட்டேன். நர்ஸ் கோபப்படவில்லை. "தம்பி, இருபது நிமிஷம் அத அசைக்கக் கூடாது. உறைஞ்சா ஒரு வைத்தியம், உறையலேன்னா ஒரு வைத்தியம்" என்றார். இருபது நிமிடம் ஆனதும் குழாயை ஒருமுறை சாய்த்தார். இரத்தம் தண்ணீர்போல ஓடியது. டாக்டரம்மா உடனே பாம்புக்கடி மருந்து பத்துக் குப்பி கலக்கச் சொன்னார்.

அன்று அந்தக் குழாயில் நடந்தது என்ன, நடக்காதது என்ன என்பதை எனக்கு விளங்கியவரை சொல்கிறேன். உறைய வைக்கும் நஞ்சு ஏறியவரின் இரத்தம் ஏன் உறையவில்லை? மாக்பர்லேன் ஒரு துளி நஞ்சை ஒரு குழியில் வைத்தார். அங்கே மட்டும் இரத்தம் உறைந்தது. விரியன் கடித்தபோதோ நஞ்சு உடலெங்கும் பரவியது. 10-ஆம் காரணி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விழித்தது. திராம்பின் பெருகி, பைப்ரினோஜனை எல்லாம் வெட்டித் தீர்த்தது. நம் இரத்தத்தில் 100 மில்லி லிட்டர் பிளாஸ்மாவில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை பைப்ரினோஜன் இருக்க வேண்டும். கடித்த சில மணி நேரத்தில் அது ஏறக்குறைய இல்லாமலே போகலாம். உண்டான நுண்ணிய இழைகளை உடலின் மற்றொரு நொதியான பிளாஸ்மின் கரைத்துக்கொண்டே வருகிறது. ஆகவே பெரிய கட்டியும் இல்லை. உறைவதற்கு மூலப்பொருளும் மிச்சமில்லை. அடுப்பில் இருந்த விறகு முழுவதும் ஒரே மூச்சில் எரிந்து சாம்பலாகிவிட்டது. இனிச் சோறு பொங்க முடியாது. ஈறு, சிறுநீர், ஊசி குத்திய இடம், சில வேளைகளில் மூளை ஆகியவற்றில் இரத்தம் கசிவது இதனால்தான். சிறுநீரகம் கெடுவதும் கண்ணாடி விரியன் கடியில் அடிக்கடி நிகழ்வது.

அந்தச் சோதனையின் கருவி கண்ணாடிக் குழாய் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹேக்மனின் இரத்தம் சோதிக்கப்பட்ட அதே வழியைத்தான் அது பயன்படுத்துகிறது. கண்ணாடி 12-ஆம் காரணியை எழுப்பும். மற்றவை இருந்தால் இரத்தம் உறையும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால், அல்லது சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடியாக இருந்தால், நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றக்கூடும். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய்; 2 மில்லி லிட்டர் இரத்தம்; 20 நிமிடம்; ஒரே ஒரு சாய்ப்பு. மின்சாரம் வேண்டாம், எந்திரம் வேண்டாம். நம் ஆய்வகத்தில் நாம் கை தவறி உடைக்கும் குழாய் போன்ற ஒன்று, பத்துக் குப்பி மருந்து வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆறு மணி நேரம் கழித்து நள்ளிரவில் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். ஏன் ஆறு மணி? மருந்து நஞ்சைத்தான் முறிக்கும். செலவழிந்த பைப்ரினோஜனையும் மற்றக் காரணிகளையும் திரும்பத் தருவதில்லை. அவற்றைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். நஞ்சு முறிந்திருந்தால், இரத்தம் மீண்டும் உறையும் அளவுக்குக் கல்லீரல் வேலை செய்ய ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும். அதற்கு முன் சோதித்துப் பயன் இல்லை. சித்தப்பாவுக்கு நள்ளிரவுச் சோதனையிலும் உறையவில்லை. மறுபடி மருந்து ஏற்றினார்கள். விடிந்து சோதித்தபோது, குழாயைச் சாய்த்தும் இரத்தம் அசையாமல் அடியில் ஒட்டி நின்றது. சித்தி அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிறுநீரின் அளவைச் சில நாள் அளந்து பார்த்துவிட்டு, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் குப்பி மருந்து எப்படி உண்டாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். இந்தியாவில் மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. 1978-இல் தொடங்கிய சங்கம் அது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்ட பிறகு பிழைப்பை இழந்த இருளர்கள், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு அதைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். குப்பியின் சீட்டில் மருந்து நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. இவர்கள் பெயர் இல்லை. ஒரே இனப் பாம்பானாலும் நஞ்சின் தன்மை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது என்பதால், ஓரிடத்து நஞ்சிலிருந்து செய்த மருந்து நாடு முழுவதற்கும் போதுமா என்ற கேள்வியும் ஆய்வாளரிடையே இருக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

காரணிகள் குறைவதற்குப் பாம்பு மட்டுமே காரணம் அன்று. பிறவியிலேயே 8-ஆம் காரணி இல்லாதது ஹீமோபிலியா ஏ. 9-ஆம் காரணி இல்லாதது பி. மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால், பெரும்பாலும் தாய் சுமப்பாள், மகன் நோயுறுவான். ரஷ்ய இளவரசர் அலெக்சியின் எலும்பிலிருந்து எடுத்த மரபணுவைச் சோதித்து, அவருக்கு இருந்தது பி வகை என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். நமக்கு நெருக்கமான செய்தி வேலூரிலிருந்து வந்தது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய குருதி மூல உயிரணுக்களிலேயே 8-ஆம் காரணிக்கான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவு ஏற்படவில்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். என்றாலும் வாரந்தோறும் ஊசிக்காக அலைந்தவர்களுக்கு அது சிறிதன்று.

வைட்டமின் கே குறைந்தாலும் உறைதல் கெடும். 2, 7, 9, 10 ஆகிய காரணிகள் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் தகுதியைக் கல்லீரலில் பெறுவது இந்த வைட்டமினால்தான். பிறந்த குழந்தைக்கு இது போதிய அளவில் இராது. அதனால்தான் பிறந்தவுடன் தொடையில் ஓர் ஊசி போடுகிறார்கள். இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்தது. கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. 1933-இல் ஒரு விவசாயி கொட்டும் பனியில், செத்த கிடாரியையும் பால் கேனில் உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர் பல ஆண்டுகள் உழைத்து, அந்தப் புல்லிலிருந்து வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் பொருளைப் பிரித்தார். அதன் வழியில் வந்த வார்பரின் 1948-இல் எலி மருந்தாகவும், 1954-இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. இதய வால்வு மாற்றியவர்கள் உட்கொள்ளும் அசிட்ரோம் இதே வகையைச் சேர்ந்தது. அவர்களிடம் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று மருத்துவர் சொல்வது, கீரையில் வைட்டமின் கே மிகுந்திருப்பதால்தான்.

எலி மருந்தை மனிதருக்குக் கொடுக்க வேண்டிய தேவை என்ன? அடுப்பை அணைப்பது பற்றிச் சொல்வதாகக் கூறினேனே, அதுதான் இது. உடல் இந்த நொதிகளைப் பெருக்குவதற்குச் செய்யும் ஏற்பாட்டைவிட, அடக்குவதற்குச் செய்யும் ஏற்பாடு குறைந்ததன்று. ஆன்டித்திராம்பின் என்ற புரதம் திராம்பினையும் 10-ஆம் காரணியையும் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. 1916-இல் அமெரிக்காவில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடும் ஆய்வில், உறையாமல் தடுக்கும் பொருளைக் கண்டார். அந்த ஆய்விலிருந்து வந்த ஹெப்பாரின், ஆன்டித்திராம்பினின் பிடியைப் பன்மடங்கு விரைவாக்குகிறது. ஆனால் எனக்கு மிகவும் வியப்பளித்தது திராம்பினின் இரட்டைக் குணந்தான். காயத்தில் இருக்கும்போது அது பைப்ரினோஜனை வெட்டி வலை பின்னுகிறது. அங்கிருந்து நழுவி நலமான இரத்தக் குழாயின் சுவரில் படும்போது, அச்சுவரிலுள்ள திராம்போமாடுலின் அதைப் பிடித்துக்கொள்கிறது. உடனே திராம்பினின் வேலை மாறிவிடுகிறது. புரத சி என்பதை எழுப்புகிறது. அது 5-ஐயும் 8-ஐயும் வெட்டி, திராம்பின் உண்டாவதையே நிறுத்துகிறது. எந்த நொதி நெருப்பை மூட்டியதோ அதுவே எல்லையில் தண்ணீரையும் ஊற்றுகிறது. 1994-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள், 5-ஆம் காரணியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் புரத சி அதை எளிதில் வெட்ட முடியாமற் போவதைக் கண்டார்கள். ஐரோப்பிய வழியினரில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு இந்த மாற்றம் உண்டு. கால் சிரைகளில் இரத்தம் கட்டும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம்.

கட்டிய இரத்தத்தைக் கரைப்பதும் நொதிதான். மாரடைப்பில் இதயத் தமனியை அடைத்த கட்டியைக் கரைக்க ஸ்டிரெப்டோகைனேஸ் கொடுத்தால் அது பிளாஸ்மினை எழுப்புகிறது. நேரம் கடக்கக் கடக்கப் பயன் குறையும். பிளாஸ்மின் பைப்ரின் வலையை அறுக்கும்போது, 13-ஆம் காரணி தைத்த தையலோடு சேர்ந்து ஒரு துண்டு வெளியே வரும். அந்தத் துண்டின் பெயர் டி-டைமர். 2020-இல் கொரோனா வார்டுகளுக்கு வெளியே நின்ற குடும்பத்தார் பலரும் அறிக்கையில் படித்த அதே சொல்.

உறைதலைத் தடுக்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறை: வேண்டாத கட்டியைத் தடுக்கும்போது, வேண்டிய கட்டியையும் தடுத்துவிடுகின்றன. வார்பரின் உண்பவர் வழுக்கி விழுந்தால் மூளையில் கசியலாம். இந்த இடத்தில் ஹேக்மன் மறுபடி வருகிறார். 12-ஆம் காரணி இல்லாதவருக்குக் காயத்தில் கசிவு இல்லை. 11-ஆம் காரணி குறைந்தவர்களுக்கும் பெரும்பாலும் கசிவு குறைவே. ஆனால் நோய்க் கட்டி வளர்வதில் 11-க்குப் பங்கு உண்டு. எனவே 11-ஐ மட்டும் தடுத்தால், காயம் ஆறும் வழியைத் தொடாமல் நோயை மட்டும் தடுக்கலாமே என்று பல மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். அவற்றுள் அசண்டெக்சியன் என்ற மாத்திரையை, இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களிடம் பழைய மருந்தான அபிக்சபானோடு ஒப்பிட்ட பெரிய சோதனை 2023-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. கசிவு குறைவாக இருந்தது, ஆனால் பக்கவாதத்தைத் தடுப்பதில் பழைய மருந்துக்கு ஈடாகவில்லை. 11-ஐ எவ்வளவு அடக்க வேண்டும், எந்த நோயாளிக்கு அது போதும் என்பதே இப்போது ஆராயப்படும் கேள்வி.